டீசல் கறை படிந்த மருந்துப் பை

கிளினிக்கில் மாத்திரை போட்டுத் தரும் சின்ன பிளாஸ்டிக் பை ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் மூலையில் டீசல் கறை. அப்போது கிள்ளானில் லோரி கெலிண்டான் நான், ஓட்டுநருக்கு உதவியாள். படுப்பதும் லோரியில்தான். பள்ளியைப் பாதியில் விட்டதிலிருந்து ஓரிடத்தில் நிலைத்ததில்லை.

எனக்கு ரத்த அழுத்தம் பார்த்த டாக்டரம்மா ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஒரே மாத்திரையைச் சிலருக்குக் காலையில், சிலருக்கு இரவில். யாருக்கு எது என்பது குலுக்கலில். மற்றபடி அவரவர் பிழைப்பு அப்படியே நடக்கலாம், வழக்கமான நாளில் வந்தால் போதும். அதற்கு முன், மருந்தை வைத்திருக்கிறபடியே கொண்டுவரச் சொன்னார். நான் வெள்ளைச் சட்டை போட்டு, புது டப்பா வாங்கி, மாத்திரைகளை அடுக்கிக்கொண்டு போனேன். வரிசையில் எல்லாருமே அப்படித்தான் வந்திருந்தார்கள். கிளினிக் நாள் எங்களுக்கு ஒரு விசேஷம்.

டப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணே, பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கு. இது முன்னாடி எதுல இருந்துச்சு, அதைக் காட்டுங்க."

பையை எடுத்து வைத்தேன். உள்ளே வெயிலில் பொடிந்த மாத்திரைகள். எங்கே தங்குகிறேன் என்று கேட்டார். பின்னால் ஆட்கள் இருந்ததால், "லோரிலதான்" என்று மெல்லச் சொன்னேன். டாக்டரம்மாவுக்குப் பக்கத்திலிருந்த கிளினிக் உதவியாளர், "இவரை விட்ருங்க லா டாக்டர், காணாமப் போயிருவாரு" என்றார்.

"காணாமப் போறவருக்கும் இதே மருந்தைத்தானே எழுதுறோம்? வீடு வாசல் உள்ளவங்களை மட்டும் வெச்சுப் பார்த்தா, அந்தப் பதில் யாருக்கு?" என்று சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார். குலுக்கலில் எனக்கு இரவு விழுந்தது.

உதவியாளர் சொன்னதுதான் நடந்தது. செமினியில் கட்டட வேலை கிடைத்துப் போய்விட்டேன், மாத்திரையும் நின்றது. ஒருநாள் டாக்டரம்மாவே போன் செய்தார். "சாப்பிடலைன்னா சாப்பிடலைன்னு சொல்லுங்கண்ணே. அதுவும் எனக்குத் தெரியணும்." சாப்பிடவில்லை என்றேன். பேரை அடித்துவிடுவீர்களா என்று கேட்டேன். "அடிக்க மாட்டேன். குலுக்கல்ல விழுந்தபடி கடைசி வரைக்கும் நீங்க ராத்திரி ஆளுதான். அங்கேயே கிளினிக்ல மருந்து வாங்கிக்குங்க. தேங்க்ஸ்ண்ணே." ஒழுங்காகச் சாப்பிட்டவனிடம் சொல்வதுபோலவே சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறேன். டாக்டரம்மா மாற்றலாகிவிட்டார். ஆய்வில் என்ன தெரிந்தது என்று யாரிடமும் கேட்கக் கூச்சம். இன்று கிளினிக் நாள். காலையில் பையைத் துடைக்க ஈரத்துணியைக் கையில் எடுத்தேன். துடைக்கப் போனதே வெட்கமாகிவிட்டது. துணியைக் கொடியில் போட்டுவிட்டு, இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரைகளோடு பையை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.