சொல்லிவிட்டுத் தொடு

சிறையில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். நோயாளிப் பராமரிப்பு வகுப்பில் அவள் சேர்ந்தது சேவை மனப்பான்மையால் அல்ல. அந்த அறையில் மின்விசிறி ஓடியது. பாடம் நடத்த வந்த நர்ஸம்மாவுக்கும் அது தெரியும். "காத்து வாங்க வந்தவளே, முன்னால வா" என்று முதல் நாளே கூப்பிட்டார்.

பயிற்சிக்காக, சிறைச் சமையற்கட்டில் வேலை பார்த்த குண்டக்கா நோயாளியாகப் படுத்துக்கொண்டாள். சிடுமூஞ்சி போன வேகத்தில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"ஐயோ! இவ என்ன கேஸ்ல வந்தவன்னு யாராவது பாருங்கடி!"

வகுப்பே சிரித்தது. நர்ஸம்மா சிரிக்கவில்லை. "வார்டருங்க உன்னைச் சோதனை போடுறப்போ சொல்லிட்டா தொடுறாங்க?"

"இல்லம்மா."

"எப்படி இருக்கு?"

"கூசுதும்மா."

"படுத்துக் கிடக்கிறவங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். வாயால சொல்லு, பதிலுக்கு நில்லு, அப்புறம் கை வை."

நோயாளியைப் புரட்டப் பலம் வேண்டும் என்பார்கள். பலம் பாதிதான்; பதிலுக்கு நிற்பது மீதி. படுக்கைப்புண் வராமல் பார்ப்பதையும், புரையேறாமல் கஞ்சி ஊட்டுவதையும் ஓராண்டில் கற்றுக்கொண்டாள். ஆறு வருடத் தண்டனை முடிந்து வெளியே வந்தபோது கையில் ஒரு சான்றிதழும், முதியோர் இல்லம் ஒன்றுக்கு நர்ஸம்மா எழுதிக் கொடுத்த கடிதமும் இருந்தன.

ஒரு வாரம் வேலை பார்க்கட்டும், பிறகு சொல்கிறோம் என்றார் இல்லத்தை நடத்தும் மேட்ரன். வேலை நிலைத்தால் தங்க ஓர் அறை உண்டு. அவள் மகள் இன்னும் அக்கா வீட்டில்தான். "வேலையையும் வீட்டையும் காட்டு, பிள்ளையைக் கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் வாயே திறக்காதே" என்று அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள்.

அவளிடம் விட்டது தையல்காரம்மா என்ற மூதாட்டியை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விளங்காது. குளிப்பாட்ட வந்த முந்தைய ஆளின் கையைக் கடித்துவிட்டவர். "இப்போ இடது கையைத் தூக்கப் போறேம்மா, தூக்கலாமா?" என்று சிடுமூஞ்சி கேட்பாள். வேண்டாம் என்றால் துணியைப் பிழிந்து வைத்துவிட்டு நிற்பாள். மூன்றாம் நாள் தையல்காரம்மா தாமாகவே முதுகைத் திருப்பிக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் காலை மணி அடித்தது. மேட்ரன் உள்ளே வந்து, "எல்லாரும் இருக்கீங்களா?" என்றார்.

சிடுமூஞ்சி சுவரோரம் விறைத்து நின்று, "நாப்பத்தி மூணு!" என்று கத்தினாள். சிறையில் தினம் காலையும் மாலையும் ஆள் கணக்கெடுக்கும்போது சொல்லிப் பழகிய எண். வாய் முந்திக்கொண்டது.

தையல்காரம்மாவைப் பார்க்க வந்திருந்த அவர் மகன் திரும்பினான். "என்ன நம்பர் அது? இதுக்கு முன்னாடி எங்க இருந்தே?"

"ஜெயில்ல சார்."

"மேட்ரன், எங்கம்மாவுக்கு ஜெயில்காரியா? இப்பவே மாத்துங்க!"

"எனக்குத் தெரிஞ்சுதான் வச்சிருக்கேன். மாத்தணுமான்னு உங்கம்மாவைக் கேளுங்க."

தையல்காரம்மாவுக்கு வாய் கோணலாக இருந்தாலும் பேச்சு நேராகத்தான் வந்தது. "முன்னாடி வந்தவளைக் கடிச்சேனே, ஏன்னு கேட்டியாடா? மூட்டை மாதிரி புரட்டினா. இவ என்னைக் கேக்குறா. நீகூடக் கேக்காமத்தான் இங்க கொண்டாந்து விட்டே. இவளை அனுப்பினா அடுத்த கடி உனக்குத்தான்."

மகன் கைப்பையை எடுத்துக்கொண்டு, "இருக்கட்டும்" என்றான்.

வாரம் முடிந்ததும் மேட்ரன் அறைச்சாவியைக் கொடுத்தார். மறுநாளே அக்கா வந்துவிட்டாள். கட்டிலை அழுத்திப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள், ஜன்னல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். ஆறு வருடம் ஊர்வாயை எல்லாம் தாங்கிக்கொண்டு பிள்ளையை வளர்த்தவள். அவள் காலில் விழுந்தாலும் தகும். விழுந்தால் திட்டுவாள் என்பதால் சிடுமூஞ்சி தேநீரை நீட்டினாள்.

அக்கா பாதி குடித்துவிட்டுக் கேட்டாள். "பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?"

"நடந்தா பத்து நிமிஷம்க்கா."