அப்பா ஆற்றுக்குப் போயிருந்த மாதங்கள்

மாலத்தீவில் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் அப்பா முதலில் கேட்டது சம்பளத்தை அல்ல. "அங்கன குளிக்கதுக்கு ஆறு உண்டாலே?" என்றுதான் கேட்டார். ஆறு இல்லை, சுற்றிலும் கடல்தான் என்றேன். "கடல்ல எவன் குளிப்பான்" என்று முகத்தைச் சுளித்தார். திருச்செந்தூருக்குப் போனால்கூடக் கடலில் பேருக்கு ஒரு முங்கு போட்டுவிட்டு நாழிக்கிணற்று நல்ல தண்ணீருக்கு ஓடுகிற ஆள் அவர்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து பி.எட். பட்டதாரிக்கு இரண்டே வழிதான் இருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுத் தலை நரைக்கும்வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறலாம். முதல் வழியில் ஆறு வருடம் இருந்து பார்த்தவன் நான். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றிருந்த அப்பாவுக்கோ தாமிரபரணி ஆற்றை விட்டால் வேறு உத்தியோகம் கிடையாது. தினமும் காலையில் தச்சநல்லூரில் இருந்து சைக்கிளில் சிந்துபூந்துறைப் படித்துறைக்குப் போய், ஒன்றரை மணி நேரம் தண்ணீரில் கிடந்துவிட்டுத் தலையில் ஈரத்துண்டோடு திரும்புவார்.

என்னை வழியனுப்பத் திருவனந்தபுரம் வரைக்கும் வந்தார். பஸ்ஸில் பழக்கதோஷத்தில், நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு என்று ஊர் வருமுன்னே பெயரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். விமான நிலைய வாசலில் என் தோளைத் தட்டி, "வருசம் முடியாம வந்து நிக்காத. ஒரு வேலையில நில்லு" என்றார். ஒரே மகன் கடல் தாண்டிப் போகிறேன், கண் கலங்குவார் என்று பார்த்தேன். கலங்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

மாலேயில் இருந்து நான் வேலை பார்க்க வேண்டிய தீவுக்குத் தோணியில் ஓர் இரவும் ஒரு பகலும் ஆயிற்று. வாந்தி எடுத்தே போய்ச் சேர்ந்தேன். தீவை முழுதாகச் சுற்றி வரக் கால் மணி நேரம் போதும். முதல் வாரம் சாயங்காலங்களில் நான்கு சுற்றுச் சுற்றினேன். ஐந்தாவது சுற்று கிளம்பும்போது, இனிப் போவதற்கு இடமே இல்லை என்பது உறைத்து, ஒரு தென்னை மூட்டில் உட்கார்ந்து அழுதேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது. காலையில் மீன், மத்தியானம் மீன், ராத்திரியும் மீன். எங்கள் வீட்டு வாசலை மீன் தாண்டியதே கிடையாது. இரண்டு மாதம் ரொட்டியைச் சீனியில் தொட்டுத் தின்றவன், மூன்றாவது மாதம் மீனுக்கு வந்து சேர்ந்தேன். வீட்டில் கேட்டால் "சாம்பாரே கிடைக்குதும்மா" என்பேன். பொய்யை முதலில் ஆரம்பித்தவன் நான்தான், இதைச் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பில் பிள்ளைகள் நான் எந்தத் தீவு என்று கேட்டார்கள். அவர்களில் ஆற்றைப் பார்த்தவர் யாரும் இல்லை. கணக்குப் பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் மலையையும் ஆற்றையும் வரைந்து காட்டினேன். கடைசியில் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள். கடலுக்கு என்றேன். "அப்படியானால் உங்கள் ஊர்த் தண்ணீர் இங்கேயும் வந்திருக்கும்" என்றாள். வகுப்பே அதை ஒப்புக்கொண்டது. எனக்குத்தான் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. அன்று தீவு அலுவலகத்தில் இருந்த ஒரே தொலைபேசிக்கு வரிசையில் நின்று ஊருக்குப் பேசுவேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது, தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் கூப்பிட வேண்டும். நான் பதினொரு மணிக்குக் கூப்பிட்டால் அப்பா பத்து மணிக்கே அங்கே போய் உட்கார்ந்திருப்பார். பூத்துக்கார அண்ணாச்சி "அப்பா இங்கனதான் இருக்காவ" என்று சொல்லி முடிக்குமுன் ரிசீவரைப் பிடுங்கி, பஸ்ஸின் பின்வாசலில் நிற்பவனுக்குக் கேட்கிற மாதிரி, "ஏலே, சாப்பிட்டியாலே?" என்று கத்துவார். வரிசையில் நிற்கிறவர்களுக்குக்கூட அது கேட்கும். "பைய பேசுங்கப்பா" என்று வாராவாரம் அவரை அதட்டினேன்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா பேசினாள். அப்பா எங்கே என்றேன். "ஆத்துக்குப் போயிருக்காவ. தண்ணி நல்லா வருது" என்றாள். அடுத்த வாரமும் ஆற்றுக்குப் போயிருந்தார், அதற்கடுத்த வாரமும். மகன் போனுக்காக ஒரு மணி நேரம் முன்னாலேயே காத்துக் கிடந்த மனுசன், அதே நேரம் பார்த்து ஆற்றுக்குப் போவாரா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தோன்றவிடவில்லை என்று சொல்வதுதான் சரி. ஆவணியில் அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் வேறு வந்தது. எங்கள் தீவுக்குக் கடிதம் வந்து சேர இரண்டு மாதம்கூட ஆகும். ஆனாலும் கடிதத்தின் மேலே போட்டிருந்த தேதியை நான் பார்க்கவில்லை. 'ஆற்றில் தண்ணீர் வர ஆரம்பித்திருக்கிறது' என்று எழுதியிருந்ததை மட்டும் பலமுறை படித்தேன்.

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். தாமிரபரணியில் வெள்ளம், குறுக்குத்துறை முருகன் கோயில் முழுகிவிட்டது, ஆற்றுப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்றார்கள். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. போனை எடுத்ததும் நானே கேட்டேன்.

"அப்பா எங்கம்மா?"

"ஆத்துக்குப் போயிருக்காவய்யா."

பல மாதம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். வெள்ளச் சேதி அந்தத் தீவுக்கு எட்டும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். கேட்டுவிடலாம். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், அப்புறம் அது நடந்ததாகிவிடும். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "சரிம்மா. பாத்துக் குளிக்கச் சொல்லுங்க" என்றேன். "சொல்லுதேன்" என்றாள்.

சாவுச் சேதி கேட்டால் தலை முழுக வேண்டும். கேட்காமலே தெரிந்துகொண்டவனுக்கு என்ன முறை என்று எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அன்று சாயங்காலம் போட்டிருந்த சட்டை பேண்டோடு கடலில் இறங்கினேன். வந்த நாளில் இருந்து கடலில் கால்கூட நனைக்காத வாத்தியார் தண்ணீருக்குள் நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கரையில் கைதட்டினார்கள். மூன்று முறை முங்கினேன். உப்பு கண்ணிலும் வாயிலும் ஏறியது. அந்தச் சிறுமி சொன்னது உண்மையாக இருக்கட்டும், இதில் ஒரு கை எங்கள் ஆற்றுத் தண்ணீர் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கரையேறியதும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

அதற்குப் பிறகும் நான்கு வெள்ளிக்கிழமை அம்மா அப்பாவை ஆற்றுக்கு அனுப்பினாள். நானும் சரி, சரி என்றேன்.

மார்கழி பிறக்குமுன் பள்ளி ஆண்டு முடிந்தது. திருவனந்தபுரத்தில் இருந்து பஸ்ஸில் வரும்போது காவல்கிணறு, வள்ளியூர், நாங்குநேரி என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு வந்தது. நாங்குநேரிக்கு மேல் சொல்ல முடியவில்லை. தெருமுனையில் பூத்துக்கார அண்ணாச்சி என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா ஒரு புதன்கிழமை காலை ஆற்றில் இருந்து வந்து, துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் கிளம்பி வந்து சேர நாலைந்து நாள் ஆகும், அதுவரை வைத்திருக்க முடியாது. நடுவில் வந்தால் வேலையும் போய்விடும். அதனால் சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருக்கிறான். "வெள்ளிக்கிழமை அம்மா இங்க வந்து நின்னாவ பாருங்க தம்பி, எனக்கு உசுரே இல்ல" என்றார். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் துட்டி வீட்டை விட்டு வெளியே வரக் கூடாத அம்மா, மூன்றாம் நாளே தெருவில் நடந்து வந்து, ஆற்றில் தண்ணீர் நல்லா வருது என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் அம்மா வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கொள்ளிகூட என் கையால் வைக்கவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"வெள்ளம் வந்தன்னைக்கே உனக்குத் தெரிஞ்சிட்டு, என்னய்யா?"

"உங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"ஊரே முழுகிக் கெடக்கு, ரேடியோவெல்லாம் அதான் சொல்லுச்சுன்னு பிறகுதான் தெரிஞ்சுது, நீயும் கேட்டிருப்ப. ஆனா நீ அவுகள ஆத்துக்கு விடாதீங்கன்னு என்னய ஏசல. பாத்துக் குளிக்கச் சொல்லுங்கன்னு சொல்லுத." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "தல முழுகுனியா?"

"அன்னைக்கே முழுகிட்டேம்மா. கடல்ல."

"ஒத்தையிலயா?"

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. அம்மா எழுந்து, கொடியில் ஆனி மாதத்தில் இருந்து அப்படியே கிடந்த அப்பாவின் துண்டை எடுத்து என் தோளில் போட்டாள்.

"எந்தி. ஆத்துக்குப் போவோம், நானும் வாரேன்" என்றாள்.