மோப்பக்காரர் முகர்ந்த காற்று

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு, பட்டறையில் வைத்த பெயர் வேறு. பட்டறைப் பெயர்தான் இருபத்தெட்டு வருஷமாகச் செல்லுபடியாகிறது. மோப்பக்காரர்.

சிலிண்டர் சோதிக்கிற பட்டறை அது. ஆஸ்பத்திரி சிலிண்டர், வெல்டிங் சிலிண்டர், தீயணைப்புக்காரர்கள் முதுகில் மாட்டுகிற காற்று சிலிண்டர், எல்லாம் வரும். உள்ளே தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றினால் இரும்பு கொஞ்சம் உப்பும். அழுத்தத்தை எடுத்ததும் பழையபடி சுருங்கினால் தேறியது, சிலிண்டரின் தோள்பட்டையில் மாசமும் வருஷமும் அச்சுக் குத்தி அனுப்பலாம். சுருங்காவிட்டால் தேறாது, அறுத்துப் போட வேண்டியதுதான். ஒரு தடவை மெஷின் தேறும் என்று சொன்ன ஆக்சிஜன் சிலிண்டரை இவர் மூக்கு தேறாது என்றது. எல்லோரும் சிரித்தார்கள். கழற்றிப் பார்த்தால் வாய்க்குள் எண்ணெய்ப் பிசுக்கு. ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் பட்டறையே கூரையோடு போயிருக்கும். அன்றைக்கு வந்த பெயர் அது.

பட்டறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பால் பாக்கெட், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், வாசலில் மணியடிக்கிற ஆள், எதுவும் அவர் மூக்கைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும். சந்தேகம் என்பது அவருக்குக் குணமில்லை, வேலை. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். அவர் மனைவி வேறு மாதிரி சொல்வாள்.

ஒரே மகள். இருபத்தாறு வயது, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்வை சோதிக்கிற வேலை. அவள்தான் தன் சம்பளத்தில் அப்பா அம்மாவைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐந்து நாள். அவர்களுக்கு ஓய்வு, அவளுக்குக் கடல். சின்ன வயதிலிருந்தே கடலுக்கு அடியில் போய் மீனோடு மீனாக மூச்சுவிட்டு வர வேண்டும் என்று ஒரே பிடி. முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று கேட்டதும் அப்பா முடியவே முடியாது என்றார். சிலிண்டர் என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும் அல்லவா.

கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். எந்தக் கடை வழியாக முங்குவது என்பதை அப்பா பார்த்து முடிவு பண்ணலாம். அவர் சரி என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மகளுக்குப் பதினாலு வயது வரை வீசிங் இருந்தது. பிறகு நின்றுவிட்டது என்பது அந்த வீட்டின் முடிவு. ஆனாலும் அம்மாவின் கைப்பையில் ஒரு நீல இன்ஹேலர் எப்போதும் கிடக்கும். தேதி முடிந்தால் சத்தமில்லாமல் புதிது வாங்கிப் போட்டுவிடுவாள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஊரையே மோப்பம் பிடிக்கிற மனுஷன் அந்தப் பையை மட்டும் முகர்ந்து பார்த்ததில்லை.

முதல் கடை படகுத் துறையில் இறங்கினதும் எதிரிலேயே இருந்தது. ஆள் உயரத்துக்குப் போர்டு, அதில் ஆமை படம். கூலிங் கிளாஸைத் தலைமேல் ஏற்றின ஒருத்தன் ஓடி வந்தான்.

"வாங்க அங்கிள்! டென்ஷனே வேணாம். எங்ககிட்ட வந்தவங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டேதான் திரும்பிப் போயிருக்காங்க."

"சிரிக்காதவங்க திரும்பலையா?"

அவன் அதற்கும் சிரித்தான். அங்கிள் என்று கூப்பிட்ட எவனையும் மோப்பக்காரர் இதுவரை நம்பியதில்லை.

"சிலிண்டருக்குக் காத்து அடிக்கிற கம்ப்ரஸர் எங்கப்பா இருக்கு?"

"அது எதுக்கு அங்கிள்? இதுல கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும், படகு ரெடி."

மோப்பக்காரர் கேட்கவில்லை, கொல்லைப்பக்கம் போய்விட்டார். கம்ப்ரஸர் புதிது, பளபளவென்று இருந்தது. அது காற்றை இழுக்கிற பைப்புக்கு ரெண்டு முழம் தள்ளி டீசல் ஜெனரேட்டர் கருப்பாகப் புகை தள்ளிக்கொண்டிருந்தது. மகளைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இந்தப் பைப் எங்க மூஞ்சியை நீட்டிக்கிட்டு இருக்குன்னு பாரு. அது தள்ளுறத இது இழுக்குது. இதைத்தான் உனக்கு முதுகுல கட்டி விடுவாங்க. புகையில நாத்தம் இருக்கிறது பயமில்ல. நாத்தமே இல்லாத விஷம் ஒண்ணு அதுல இருக்கு. அதுதான் ஆளைத் தூங்க வைக்கும்."

"காத்து எல்லா இடத்துலயும் ஒண்ணுதான் அங்கிள்" என்றான் கூலிங் கிளாஸ்.

"அப்போ நீ அந்தப் புகைக்கிட்ட நின்னு பத்து நிமிஷம் மூச்சு விடு. நான் கையெழுத்துப் போடறேன்."

அடுத்த கடையில் சிலிண்டர் எல்லாம் புது மஞ்சள் பெயிண்டில் வரிசையாக நின்றது. அழகுதான். ஆனால் தோள்பட்டையில் அச்சுத் தேதி இருக்க வேண்டிய பள்ளம் முழுக்கப் பெயிண்ட் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டப் போனார். முதலாளி உள்ளேயிருந்து கத்தினார்.

"யோவ், பெயிண்ட் போகுதுய்யா!"

"போகட்டுமே, அடியில என்ன இருக்குன்னு தெரியணும்ல? வயசை மறைக்கிறதுக்குத்தானே இவ்வளவு பூச்சு?"

வெளியே வரும்போது மனைவி சொன்னாள், "என்னைக் கட்டிக்கிட்டப்போகூட இந்த மனுஷன் இவ்வளவு சுரண்டிப் பாக்கல."

"பாத்திருந்தா நீ தேறியிருக்க மாட்டேம்மா" என்றாள் மகள்.

இன்னும் ரெண்டு கடையை வாசலிலேயே தள்ளிவிட்டார். வெயில் ஏறிவிட்டது. கரையின் கோடியில், படகுக்குத் தார் பூசுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு கடை. போர்டில் பாதி எழுத்து உதிர்ந்து கிடந்தது. ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா, கட்டையாக வெட்டின நரைமுடியோடு, வாளித் தண்ணீரில் வாயில் கவ்வுகிற ரப்பர்க் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை.

கூட்டமில்லாத கடை, உதிர்ந்த போர்டு, சிரிக்காத முகம். மோப்பக்காரருக்கு எல்லாமே இடித்தது. ஆனால் கம்ப்ரஸரைக் கேட்டதும் கடைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காற்று இழுக்கிற பைப் கூரைக்கு மேலே ஏறிக் கடலைப் பார்த்து நின்றது. வடிகட்டி மாற்றின தேதிகள் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தன. சோதனைத் தேதி தாண்டின ரெண்டு சிலிண்டரைச் சிவப்புக் கயிறு கட்டி மூலையில் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"கைக்குட்டை வச்சிருக்கீங்கதானே? எடுங்க" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தோள்பட்டையைப் பாத்துட்டு அப்புறமா சிலிண்டரைப் பாக்கறவர் கைக்குட்டை இல்லாமலா வருவார்?"

வெள்ளைக் கைக்குட்டையைச் சிலிண்டர் வாய்க்கு நேராகப் பிடித்தார். வால்வைக் கொஞ்சமாகத் திறந்தாள். துணி படபடத்தது. திருப்பிப் பார்த்தார், பொட்டு அழுக்கில்லை. முகர்ந்தார். ஒன்றுமே இல்லை. மறுபடியும் முகர்ந்தார்.

"இவ்வளவு சுத்தமா இருந்தா அதுவும் சந்தேகமாத்தான் இருக்கு" என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார்.

"ஐயோ, சரின்னு சொல்லித் தொலைங்களேன்!"

"ஒரு ஆள் எத்தனை பேரைக் கீழ கூட்டிட்டுப் போவீங்க?" என்று கடைக்காரம்மாவிடம் கேட்டார்.

"ஒருத்தரை. கையைப் பிடிச்சுக்கிட்டு."

சரி என்றார். மகள் குதித்தாள். "சொல்லிட்டீங்க! இனிமே வாயைத் திறக்கக் கூடாது. ஒப்பந்தம்!"

கடைக்காரம்மா ஒரு தாளை எடுத்தாள். மகள் கையை நீட்டினாள். கொடுக்கவில்லை.

"நான் படிக்கிறேன், நீ பதில் சொல்லும்மா. நீயா எழுதினா கையெழுத்துதான் தெரியும். சொன்னா முகம் தெரியும்."

காதில் வலி உண்டா, இதயக் கோளாறு உண்டா, வலிப்பு வந்திருக்கா. ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு மகளையே பார்த்தாள். மோப்பக்காரருக்கு இந்த அம்மாவைப் பிடித்துப் போயிற்று. நம்மளை மாதிரியே ஒரு ஜென்மம் என்று நினைத்துக்கொண்டார்.

"வீசிங், மூச்சிரைப்பு?"

"இல்ல."

"சின்ன வயசுலயும்?"

"இல்லைங்க."

மனைவி மடியிலிருந்த கைப்பையை எடுத்து நாற்காலிக்கு அந்தப் பக்கம் வைத்தாள். ஒரு சின்ன அசைவுதான்.

பட்டறையில் சிலிண்டரை முதலில் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். நல்லது மணி மாதிரி கேட்கும். உள்ளே கோளாறு இருந்தால் சத்தம் செத்துக் கேட்கும். மகள் சொன்ன அந்த 'இல்லைங்க' செத்துத்தான் கேட்டது.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்" என்றார். "இருந்தா என்ன?"

"கீழ போகப் போகக் காத்து அழுத்தமா உள்ள போகும். மேல வர்றப்போ அதே காத்து உப்பும். மூச்சை விட்டுக்கிட்டே வந்தா ஒண்ணும் ஆகாது. வீசிங் வந்து உள்ள ஒரு சின்னக் குழாய் அடைச்சுக்கிட்டாலும், உப்பின காத்துக்கு வெளிய வர வழி கிடையாது."

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. உப்பி உப்பிச் சுருங்காமல் போன இரும்பைத் தினமும் பார்க்கிற ஆள். இது இரும்புகூட இல்லை.

மகள் அவரையே பார்த்தாள். வேண்டாம்ப்பா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். இந்த ஒரு நாளுக்காக அவள் லீவைச் சேர்த்து வைத்தது அவருக்குத் தெரியும். வார்த்தை கொடுத்ததும் தெரியும்.

"பதினாலு வயசு வரைக்கும் இருந்துச்சு" என்றார். "மருந்து இவ அம்மா பையில இருக்கு."

கடைக்காரம்மா பேனாவை மூடினாள். "துறைக்கு எதிர்ல கிளினிக் இருக்கு, காலைல திறக்கும். டாக்டர் பாத்து எழுதிக் கொடுத்தா பேசலாம். இல்லேன்னா இல்ல."

திரும்பி வருகிற வழியில் மகள் நாலு எட்டு முன்னால் நடந்தாள். திடீரென்று நின்று திரும்பினாள்.

"இவ்வளவு நாளா ஊர்ல எல்லாரையும் பிடிச்சுக் கொடுத்தீங்க. இன்னிக்கு என்னையும் பிடிச்சுக் கொடுத்துட்டீங்க, இல்ல?"

"உன் மூச்சு விஷயம்மா."

"முதல் கடையில எதுவுமே கேக்கல. கையெழுத்து மட்டும் போதும்னு சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

பதிலுக்கு நிற்காமல் விறுவிறுவென்று நடந்தாள்.

மறுநாள் அவர் கண் விழித்தபோது மகள் படுக்கை காலி. "நடந்துட்டு வரேன்னு போனா" என்றாள் மனைவி. மோப்பக்காரர் வராந்தாவைப் பார்த்தார். கொடியில் காய்ந்த நீல நீச்சல் உடையைக் காணோம். நடக்கப் போகிறவளுக்கு நீச்சல் உடை எதற்கு? செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்.

முதல் கடையில் ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்தது.

"அங்கிள்! மனசு மாறிட்டீங்களா?"

"என் பொண்ணு எங்க?"

"வரலையே அங்கிள்."

நம்பவில்லை. படகு ஏறிப் போனவர்கள் மணலில் விட்டிருந்த செருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகளின் வார் தைத்த செருப்பு இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தால்? படகு திரும்புகிற வரை, ஜெனரேட்டர் பக்கத்திலேயே, புகையைத் தின்றுகொண்டு முக்கால் மணி நேரம் நின்றார். படகு வந்தது. ஆறு தலை. ஆறும் யாரோ.

அவர் துறைப்பக்கம் நடந்தபோது கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வெளியே வந்தாள். கையில் ஒரு தாள். சட்டைக் கழுத்தோரம் நீல உடையின் பட்டை தெரிந்தது. டாக்டர் சரி என்றதும் நேராகக் கடலுக்குப் போய்விடலாம் என்று உள்ளே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"குழாயில ஊதச் சொன்னாங்க. நல்லா இருந்துச்சு. மாடிப்படி ஏறி இறங்கிட்டு மறுபடி ஊதச் சொன்னாங்க" என்று தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குறைஞ்சிருச்சு. ஊருக்குப் போய் முழுசாப் பாக்கணுமாம். இப்போ வேணாம்னு எழுதிட்டாங்க."

"நான் சும்மா நடந்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

மகள் நிமிர்ந்தாள். ஒரு எட்டு கிட்டே வந்தாள். அவர் தோளருகே மூக்கைக் கொண்டுபோய் ரெண்டு தடவை இழுத்தாள்.

"டீசல்."

அவர் கடலைப் பார்த்தார்.

"அந்தக் கடைக்குப் போயிருக்கீங்க. நான் அங்க இருப்பேன்னு நினைச்சிருக்கீங்க."

"நினைச்சேன்."

"நானும்தான் நினைச்சேன். காலைல பாதி வழி போயிட்டேன்." தாளை நாலாக மடித்தாள். "அந்தப் பைப்பை நீங்க காட்டாம இருந்திருந்தா மீதி வழியும் போயிருப்பேன்."

ரெண்டு பேருமாகக் கரைக் கோடிக்குப் போனார்கள். கடைக்காரம்மா தாளைப் படித்தாள். பின்பக்கம் திருப்பினாள். டாக்டர் முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மோப்பக்காரருக்கு அது மனசுக்கு நிறைவாக இருந்தது.

"கீழ போக வேணாம்" என்றாள் மகளிடம். "அலையில்லாத இடம் ஒண்ணு இருக்கு, இடுப்பளவு தண்ணி. கண்ணாடி மாட்டிக்கிட்டு மேலயே மிதந்தா போதும். மீன் அங்கயும் வரும். நான் கூட நிக்கறேன். அந்த மருந்தை உங்கம்மா கரையில வச்சுக்கிட்டு உக்காரட்டும்."

மகள் சரி என்று தலையை ஆட்டினாள்.

கடைக்காரம்மா கொக்கியிலிருந்து ஒரு முகக் கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் எடுத்து மேஜையில் வைத்தாள். மோப்பக்காரர் கை தன்னால் நீண்டது. குழாயை எடுத்து மூக்குக்குக் கொண்டுபோகிற நேரத்தில் மகள் அதைப் பிடுங்கினாள். தானே முகர்ந்தாள், ஒரு முனை, பிறகு மறுமுனை.

"தேறும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்து நடந்தாள்.