ஊர் பேர் இல்லாத தந்தி

இரண்டாம் உலக யுத்தச் சண்டைக் காலத்தில் நான் ஒரு திருச்சிப் பத்திரிகைக்கு அரியலூர்ச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவைப் பெரம்பலூரில் கொடுத்திருந்தோம். மச்சான் அங்கே பள்ளியில் அறிவியல் வாத்தியார். விடியுமுன் எழுந்து, சில நட்சத்திரங்களின் ஒளி கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து வானாய்வு நிலையத்துக்கு எழுதுவார். அச்சடித்த நன்றி அட்டை வரும். அதற்கு மேல் ஒன்றும் வந்ததில்லை.

தீபாவளிக்குப் போயிருந்தபோது, மழை விட்டிருந்த ஒரு விடியற்காலையில் என்னை உலுக்கினார்.

"மாப்ள, மாடிக்கு வா. ஒண்ணும் கேக்காத. தெக்கப் பாத்துட்டு என்ன தெரியுதுன்னு சொல்லு."

அகத்திய நட்சத்திரத்துக்கு மேலே, சற்றுக் கிழக்கே தள்ளி, பளிச்சென்று ஒன்று நின்றது. அவர் வைத்திருந்த வரைபடத்தில் அது இல்லை. கிரகங்கள் அந்தப் பக்கம் வருவதுமில்லை. அவர் முந்தின நாளே பார்த்துவிட்டாராம். ஒருவர் கண்ணை மட்டும் நம்பித் தந்தி அடிக்கக் கூடாது என்பது வானம் பார்ப்பவர்கள் வழக்கம். அதனால்தான் எனக்கு எதுவும் சொல்லாமல் காட்டினார்.

"மொதல்ல சொல்றவன் பேருதான் நிக்கும்" என்றார். அவ்வளவு வருஷத்தில் தனக்கென்று அவர் ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

"வானத்துல புதுசா வந்தது தெரியுது. கொல்லக் கதவுல தாப்பா ஒடஞ்சி கெடக்கறது இவருக்குத் தெரியல" என்றாள் அக்கா.

பெரம்பலூர்த் தந்திக் கம்பி மழையில் அறுந்து கிடந்தது. பெட்ரோல் கிடைக்காததால் கரியை எரித்து ஓட்டிய கரிவாயு பஸ்ஸில் அரியலூருக்குப் போனோம். மேடு வந்தபோதெல்லாம் இறங்கித் தள்ளினோம்.

தந்தி ஆபீஸில் குமாஸ்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வானாய்வாளர்களின் முறைப்படி மச்சான் நட்சத்திரத்தின் இடம், நேரம், ஒளி எல்லாவற்றையும் ஐந்தைந்து எண்களாக எழுதியிருந்தார். வழியில் பிழை நேர்ந்தால் தெரியட்டும் என்று கடைசியில் கூட்டுத்தொகையும் போட்டிருந்தார்.

"என்ன சார், ஒரே நம்பரா இருக்கு?"

"நட்சத்திரம் இருக்கற எடமுங்க."

"எடம்னா ஊர் பேரு போடணுமே."

"அதுக்கு ஊர் கெடையாதுங்க."

"கணக்கு வேற கூட்டியிருக்கீங்க. சண்டை நடக்குது சார். இத அனுப்புனா மொதல்ல என்னயப் புடிச்சிட்டுப் போவான். இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

இன்ஸ்பெக்டர் தண்டவாளம் பெயர்த்த வழக்குக்காக வெளியே போயிருந்தார். எப்போது வருவார் என்று போலீஸ் ஸ்டேஷனில் யாருக்கும் தெரியவில்லை.

தந்தி ஆபீஸுக்கே திரும்பினோம். நான் ஒரு தாளில் எண்ணே இல்லாமல், தெற்கு வானில் இன்ன நட்சத்திரத்துக்கு அருகே புது நட்சத்திரம், இருவர் பார்த்தோம் என்று இங்கிலீஷில் எழுதி மச்சானிடம் கொடுத்தேன்.

மச்சான் படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். "இது தந்தி இல்ல மாப்ள, உன் பேப்பர் நியூஸ். இத வெச்சி அவன் எந்த எடத்துல தேடுவான்?"

"எண்ணுதான் போகலியே மச்சான். இது போனாலாவது தேடுவான்."

அவர் பெஞ்சியில் உட்கார்ந்தே இருந்தார். குமாஸ்தா சாப்பிடப் போய்விட்டுத் திரும்பினார். "இன்னும் இங்கதான் இருக்கீங்களா? உங்க நட்சத்திரம் மறஞ்சிடப் போவுது சார்" என்றார். சாயங்காலம் மச்சான் என் தாளை நீட்டினார். அது உடனே போயிற்று.

வானாய்வு நிலையத்தின் பதில் இந்த முறை கையால் எழுதிய கடிதமாக வந்தது. அதே நட்சத்திரத்தை, நாங்கள் பார்ப்பதற்கு முன்பே, கடலுக்கு அப்பால் வேறொருவர் பார்த்துச் சொல்லிவிட்டாராம். எண்களோடு காலையிலேயே போயிருந்தாலும் எங்கள் தந்தி பிந்தினதுதான். அந்தப் பெஞ்சியில் வீணாக உட்கார்ந்திருக்கிறோம். அது மங்கி வருவதைத் தினமும் அளந்து எழுதவும் என்று கடைசி வரியில் கேட்டிருந்தார்கள்.

அடுத்த முறை நான் போனபோது மச்சான் விடியற்காலையில் மறுபடி எழுப்பினார்.

"இன்னொரு கண்ணு வேணும் மாப்ள. பக்கத்துல இருக்கறத விட மங்கலா, இல்ல சமமா?"

முகத்தைக் கழுவிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

"மங்கல்தான்."

"எனக்கும் அப்படித்தான் படுது" என்று குறித்துக்கொண்டார். நான் கீழே வந்து படுத்தேன்.