பருப்பு வேகாத தண்ணீரில் வெறும் டீ

பாலை ஊற்றிவிட்டால் எந்த இலையும் டீதான். செத்தையை வாரிப் போட்டுக் கொதிக்க வைத்துச் சர்க்கரையைக் கொட்டினால் ஊரே சப்புக்கொட்டிக் குடிக்கும். பாலில்லாமல் குடிக்கிற வெறும் டீக்கு இலை பொறுக்குகிறவன்தான் டீ தெரிந்தவன். இதை நான் சொல்லலாம். மூன்றாம் வகுப்பில் வாத்தியார் சிலேட்டால் மண்டையில் அடித்த அன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கும் கையெழுத்துப் போட எனக்கு நேரமாகும். ஆனால் சித்தூரில் வெறும் டீ என்றால் என் கடை இலைதான். படித்தவனெல்லாம் என் கடை வாசலில் நின்று, எதை வாங்கலாம் என்று என்னைத்தான் கேட்டான்.

கேட்டவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஒரு பிடி இலையைக் கைக்குள் மூடி, வாயால் சூடாக ஊதி, மோந்து பார்க்க வேண்டும். நல்ல இலை ஈர வைக்கோல் மாதிரியோ பழுத்த கொய்யா மாதிரியோ மணக்கும். கெட்டது சாக்கு நாற்றம் அடிக்கும். பால் டீக்குத் தூள் போதும், வெறும் டீக்கு முறுக்கிய இலை வேண்டும். அதை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுகிறவனைச் செருப்பால் அடிக்கலாம். வெந்நீரை ஊற்றி மூடி, ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் விட வேண்டும். வடித்த இலை புதுச் செம்புப் பாத்திரம் மாதிரி இருந்தால் சரி. சூட்டில் எல்லா டீயும் நன்றாகத்தான் இருக்கும், ஆறிய பிறகு குடித்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் என் மச்சானுக்கும் தெரியும். மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் அண்ணன். மறைப்பானேன், என்னைவிட நன்றாகவே தெரியும். நகரியில் தறிக்குழியில் உட்கார்ந்து பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டு, இனி தறி மிதித்தால் பிழைக்கமாட்டாய் என்று வைத்தியர் சொன்ன பிறகு திருப்பதிக்கு வந்தவர். அங்கே ஒரு தெலுங்கு சாவுகாரின் தேயிலைக் கடையில் சேர்ந்தார். தமிழும் தெலுங்கும் எழுதுவார். என்னை அந்தக் கடையில் பெட்டி தூக்கச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

ஆந்திரா தனியாகப் பிரிந்த சமயம் அது. நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று தெருவுக்குத் தெரு பேச்சு. அதற்கு முன் வருஷக்கணக்காக மழை பொய்த்து மாடுகள் செத்துப் போயிருந்தன. ஓட்டல்களில் பாலுக்குத் திண்டாட்டம். பாலில்லாமலே குடிக்கிற மாதிரி இலை இருந்தால் கொடுங்கள் என்று சித்தூர் ஓட்டல்காரர்கள் கேட்டுவந்தார்கள். சாவுகாருக்குச் சித்தூரில் சொந்த வீடு உண்டு. அதே தெருவில் கடை ஒன்று போட்டு, எங்கள் இருவரில் ஒருவனிடம் விடுவதென்று முடிவு செய்தார். ஆளுக்கு ஓர் இலை பொறுக்க வேண்டும், சாவுகார் வீட்டில் வைத்து டீ போட வேண்டும், மூன்று ஓட்டல்காரர்கள் குடித்துச் சொல்வார்கள். எவன் இலை தேறுகிறதோ அவனுக்குக் கடைச் சாவி.

கடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. பெண்டாட்டியையும் மூன்று பிள்ளைகளையும் அங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று மச்சான் கணக்குப் போட்டிருந்தார். எனக்கும் அந்தச் சாவி வேண்டும். பெட்டி தூக்கியே சாகவா நான் பிறந்தேன்?

போட்டிக்கு நான்கு நாள் முன்னால் சரக்கு இறக்கச் சித்தூர் போனேன். சாவுகார் தெருவிலேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டேன். சாம்பாரில் பருப்பு கல் மாதிரி பல்லில் இடறியது. சமையல்காரனைக் கேட்டேன்.

“இந்தத் தெருக் கெணத்துத் தண்ணி அப்டித்தான் சாமி. சோடா உப்பு போட்டாலும் பருப்பு முழுசா வேவாது.”

நேராகச் சாவுகார் வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். கிணற்றில் ஒரு வாளி இறைத்து ஒரு வாய் குடித்தேன். நாக்கில் சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது. திருப்பதியில் நாங்கள் இலை பார்ப்பது மலையடிவாரத்துக் கிணற்று நீரில். அதில் மணக்கிற மெல்லிய இலை இந்த நீரில் செத்துப் போகும். முரட்டு இலைதான் தாங்கும். படிக்காத மண்டை, சாம்பார் பருப்பை வைத்து இதைக் கண்டுபிடித்தது. எத்தனை பேருக்கு வரும்?

திரும்பி வந்து கறுகறுவென்ற உடைசல் இலையை எடுத்துக் கட்டினேன். மச்சான் சிரித்தார்.

“இன்னா மாப்ள, மாட்டுக்கு வெக்கிற உளுத்தம் பொட்டு கணக்கா எட்த்துக்கினு வர்றே?”

அவர் பொறுக்கியது உயர்ந்த மலை இலை. திருப்பதிக் கிணற்று நீரில் போட்டு எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார். தேன் நிறம். விழுங்கிய பிறகும் தொண்டையில் மணம் நின்றது. அப்படி ஒரு வெறும் டீயை அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

“பரவால்ல,” என்றேன்.

போட்டியன்று பஸ்ஸில் மச்சான் இலைப்பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் கேட்டார்.

“மாப்ள, நீ போயாந்தியே, சாவுகார் வூட்டுத் தண்ணி எப்டி?”

“நம்ம கெணத்துத் தண்ணி கணக்காதான் மச்சான். தித்திக்குது.”

நம்பினார். தங்கை புருஷன் சொன்னால் நம்பமாட்டாரா?

சாவுகார் வீட்டில் முதலில் அவர்தான் டீ போட்டார். மூடியைத் திறந்ததும் அவர் முகம் மாறியது. தேன் நிறம் எங்கே போயிற்று? கறுப்பாக, மேலே எண்ணெய் மாதிரி ஓர் ஆடை. முதல் ஓட்டல்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு முற்றத்தில் துப்பினார்.

“இன்னாயா இது, நகரி சாயப்பட்டறைத் தண்ணியா?”

மச்சான் பாத்திரத்தைக் கழுவி மறுபடி போட்டார். அதே கறுப்பு. அப்போதுதான் குடத்துத் தண்ணீரைக் கையில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என் டீ சிவப்பாக இறங்கியது. மூன்று பேரும் இரண்டாவது கிளாஸ் கேட்டார்கள். சாவுகார் மச்சானின் கிளாஸை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஏமய்யா, இத்தனை வருஷம் என் கடைல இதத்தான் பொறுக்கினியா? இத நீயே முழுசா குடி.”

மச்சான் எல்லோர் முன்னாலும் நின்று குடித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

“மச்சானுக்கு எழுத்துதான் வரும் சாவுகாரே. நாக்கு வராது.”

சாவுகார் குலுங்கிச் சிரித்தார். சாவி என் கைக்கு வந்தது. நாக்குச் செத்தவன் எதற்கு என்று மச்சானைத் திருப்பதிக் கடையிலிருந்தும் நிறுத்திவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மச்சான் சித்தூருக்கு வந்தார். அந்தப் பின்னறையில் என் பெண்டாட்டி அவருக்குச் சோறு போட்டாள். பிசைந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

“மாப்ள, நான் கணக்கு எழ்தறேன், பொட்டி தூக்கறேன். ஒரு ஓரமா இருந்துக்கறேன். தறிக்கு மட்டும் போவ முடியாதுப்பா.”

யோசித்தேன். இவர் கடையில் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் வருகிறவனெல்லாம் இவரைத்தான் இலை கேட்பான். அந்த நாக்கை எனக்குத் தெரியும்.

“ஆள் வெச்சிட்டேன் மச்சான்.”

கொஞ்ச நேரம் இருமினார். பிறகு கேட்டார்: “அந்தத் தண்ணி உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு.”

“தெரியும். நீயும் முன்னாடியே போய்ப் பாத்திருக்கலாமே. பஸ்ஸு எனக்கு மட்டுமா ஓடுது?”

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த என் பெண்டாட்டியின் கை அப்படியே நின்றது. அவர் எழுந்து கை கழுவினார். “துன்னுட்டுப் போண்ணா,” என்று அவள் வாசல்வரை ஓடினாள். அவர் திரும்பவில்லை. அதன்பின் என் வீட்டில் அவர் கை நனைக்கவே இல்லை.

நகரிக்குப் போய் மறுபடி தறிக்குழியில் இறங்கினார். எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து, திருத்தணி மெட்ராஸோடு சேர்ந்த வருஷம் நெஞ்சு அடைத்து இறந்தார். சாவுக்குப் போனேன். ஜரிகை வேட்டி கட்டி, முன்னால்தான் நின்றேன். அழுதுகொண்டிருந்த என் பெண்டாட்டி என் பக்கம் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கு மட்டமான தூளில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாயில் வைக்க முடியவில்லை. சித்தூர் திரும்பியதும், பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆகட்டும் என்று நல்ல இலையில் ஒரு பெட்டி அனுப்பி வைத்தேன்.

அவர் மூத்த மகள் ஆணியைக்கூடப் பிடுங்காமல் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டாள். மறுநாள் காலையில் பிரித்து விற்றேன்.