ஜப்தியில் சேராத நகை

என் வீட்டுக்காரர் என்னை அடித்தது கிடையாது. வழக்கில் அதுதான் எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டியிருக்கிறேன், புதுச்சேரியில் ஓட்டல் பாத்திரம் தேய்த்திருக்கிறேன், திட்டக்குடிப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களுக்குச் சோறு ஆக்கியிருக்கிறேன். ஓர் இடத்தில் கொஞ்ச நாள் இருந்தாலே எனக்குக் கால் அரிக்கும். கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்று கடலூரில் எங்கள் பங்குக் கோயிலில் ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பதுதான் ஓலை. தடை நான்தான். அது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மாப்பிள்ளைக்குச் சிதம்பரத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை. குடி இல்லை, சீட்டு இல்லை. சாயங்காலம் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சும்மா நிற்பேன். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து கூட்டிப் போவார்.

"யாரப் பாக்கப் போன?"

"பஸ்ஸ."

"பஸ்ல யாரு?"

"டிரைவரு, கண்டக்டரு."

அதற்கும் அடிக்கவில்லை. ராத்திரி செபமாலை முடிந்ததும் வழிதவறிய ஆட்டுக்காக என்று வீடே சத்தமாக வேண்டிக்கொள்ளும். ஆடு அங்கேயே முட்டி போட்டிருக்கும். பிறகு வாசல் கேட்டைப் பூட்டினார், சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார். அடித்திருந்தால் வீங்கின இடத்தைக் காட்டலாம். இதை எங்கே காட்டுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் பாட்டுக்குழுவோடு பேசிக்கொண்டிருந்தபோது கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அங்கே முதுநகரில் ஓர் அறை எடுத்தேன். இறால் உரிக்கும் வேலை கிடைத்தது.

சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். "சேந்துதான் வாழணும்மா, கடவுள் சேத்து வெச்சது," என்றார். அவர் அதைச் சொல்லத்தான் வேண்டும், அது அவர் வேலை. கேட்காதவள் நற்கருணை வாங்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

விவாகரத்து பாவம் என்று என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போகவில்லை. என்னைத் திரும்பி வந்து குடும்பம் நடத்த உத்தரவிட வேண்டும் என்று கோர்ட்டில் மனு போட்டார். இப்படியும் ஒரு சட்டம் அரசாங்கத்திடம் இருப்பது சம்மன் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். எனக்காக வாதாட வந்த வக்கீல் சின்னப் பெண்.

"அடிச்சாருன்னு சொல்லுங்கக்கா. இல்ல, குடிப்பாருன்னு."

"காபியே குடிக்க மாட்டாரும்மா."

"வேற பொம்பள?"

"அவருக்கு நானே ஜாஸ்தி."

சிரித்துவிட்டாள். பிறகு, "கேட்டு பூட்டினத வெச்சுப் பாக்கறேன். ஆனா பஸ் பாக்கப் போனீங்கன்னா யாரும் நம்ப மாட்டாங்கக்கா. புடிக்கலைங்கறது சட்டத்துல காரணம் இல்ல," என்றாள்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது என் பாவத்தைச் சொன்னால் போதும். இங்கே அவருக்கு ஒரு பாவத்தை நான் தயார் செய்துகொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் பாவி நான். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. அதற்காக, செய்யாததை அவர் தலையில் கட்ட எனக்கு மனசில்லை.

கூண்டில் நின்று உள்ளதைச் சொன்னேன். நீதிபதி, "நல்ல மனுஷன்னு நீங்களே சொல்றீங்க. கல்யாணம்ங்கறது புனிதமானது இல்லியா?" என்று கேட்டார்.

"அத எங்க சாமியாரே சொல்லிட்டாருங்கய்யா. அதே பூசைய இங்கயும் கேக்கணுமா?"

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டாள். தீர்ப்பு அவர் பக்கம் போனது. நான் திரும்பிப் போகவில்லை.

ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அமீனா வந்தார், கோர்ட் உத்தரவை நிறைவேற்றுகிற ஆள். பின்னால் ஒரு லோடு ஆட்டோ. அதன் பக்கத்தில் என் வீட்டுக்காரர்.

"அவள வண்டில ஏறச் சொல்லுங்க சார். அதுக்குத்தான உத்தரவு," என்றார்.

"ஆள ஜப்தி பண்ண முடியாது சார். சாமானத்தான் பண்ணலாம். சாமான் போனா ஆளும் வருவாங்கன்னு ஒரு கணக்கு."

அமீனா அறையைச் சுற்றிப் பார்த்தார். சமையல் பாத்திரம் கூடாது, படுக்கிற பாய் கூடாது, கட்டுகிற துணி கூடாது என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். மிஞ்சியது மேசை விசிறி. அதைத் தூக்கினார். நான் தகர டப்பாவைத் திறந்து, புறா பொறித்த என் தாலியை எடுத்து நீட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அது வேணாம்மா. மத வழக்கப்படி பொம்பள கழட்டக் கூடாத நகைய ஜப்தி பண்ணக் கூடாது. அது சட்டம்."

"கழட்டித்தானய்யா டப்பால போட்டிருக்கேன்?"

"நீ கழட்டினது சட்டத்துக்குத் தெரியாதும்மா."

அமீனா மேல் எனக்குக் கோபமில்லை. கோயிலில் சொன்னதையே கோர்ட்டும் சொல்வதற்கு இரண்டு கட்டடம் எதற்கு என்றுதான் தோன்றியது. சாமியாரிடம் போலீஸ் இல்லை, அமீனா இல்லை. அதனால்தான் அவர் முன்னால் என்னால் உட்கார முடிந்தது.

என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். "கோயில்ல கட்டினது, கைல வாங்க மாட்டேன்," என்றார். நேரே போய் ஆட்டோவின் முன்சீட்டில் வைத்தேன். டிரைவர் பதறிப்போய் நகர்ந்தான். "யக்கா, எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு."

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் சாமியாரிடமிருந்து போன் வந்தது.

"உன் தாலிய என்கிட்ட வெச்சுட்டுப் போயிட்டாரும்மா. நான் இத என்ன பண்றது?"

"கோர்ட்ல ஒரு மனு போட்டுக் கேளுங்க சாமி," என்றேன்.

உத்தரவு இன்னும் என் மேல் இருக்கிறது. விசிறி திரும்பி வரவில்லை, முதுநகர்க் கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கூட வேலை செய்த பெண்கள் தூத்துக்குடியில் நல்ல கூலி என்று கிளம்பிப் போய்விட்டார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். இப்போது போனால் உத்தரவுக்குப் பயந்து ஓடினதாகச் சிதம்பரத்தில் பேசுவார்கள். அதற்காகவே இங்கே கிடக்கிறேன். இவ்வளவு நாள் நான் எந்த ஊரிலும் இருந்ததில்லை. கால் அரிக்கிறது.