கீழ யாருங்க?

எங்கள் பனியன் கம்பெனியில் துணி ரோல்களை இறக்க ஒரு டிராக்டர்க்காரர் வருவார். ஐம்பதைத் தாண்டியவர். வெல்டிங் பொறி பட்டு முன்கையெல்லாம் கருப்புப் புள்ளிகள். ரோல் அடுக்கிய பேலட் பலகையைத் தூக்கும் இரண்டு ஃபோர்க்கையும் அவரே இரும்பு வெட்டி, பற்றவைத்து, டிராக்டரின் முன்னால் இருக்கும் லோடரில் மாட்டியிருந்தார். லிவரைத் தொடும் முன், "கீழ யாருங்க?" என்று சத்தம் போட்டுக் கேட்பார். ஆளே இல்லாத இடத்திலும் கேட்பார்.

ஒருநாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஈ, காக்கா இல்லீங்க. யாரைக் கேக்கறீங்க?"

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். என்னைப் பார்க்காமல் ஃபோர்க்கைப் பார்த்தே பேசினார்.

"மொதல்ல நான் செஞ்ச ஃபோர்க்கு, பத்தவெச்ச எடத்துல விட்டுப்போச்சுங்க. ரோலெல்லாம் சரிஞ்சு உழுந்துருச்சு. அதுக்குக் கீழ உக்காந்து பிசிறு வெட்டிட்டிருந்த அம்மா, அப்பத்தான் தண்ணி குடிக்க எந்திரிச்சிருந்தாங்க."

"திட்டுனாங்களா?"

"திட்டியிருந்தாத் தேவலீங்க. அந்தம்மாவே எனக்கு டீ வாங்கிக் குடுத்தாங்க. நானும் வாங்கிக் குடிச்சனுங்க."

மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "கீழ யாருங்க?"

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்:

"யாருமில்லீங்க."